டில்லிக் குளிரும் தூசியும்

டில்லியில் வண்டிகளும் ஆலைகளும் ஆண்டு முழுவதும்தான் புகைகின்றன. குளிர்காலத்தில் மட்டும் ஏன் இப்படி மூச்சு முட்டுகிறது? அறுவடைத் தாள் எரிப்பும் தீபாவளி வெடியும் ஓய்ந்த பிறகு, ஜனவரியிலும் புகைமூட்டம் நீடிக்கிறதே! விடை வெப்பத்தில் இருக்கிறது.

முதலில் துகளைப் பார்ப்போம். நான் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. காற்றின் இழுப்பு கூடினால் எரியாத கரித்தூளையும் அது தூக்கிச் சென்றுவிடும். பெரிய பொறிகளைப் புகைப்பெட்டியில் உள்ள கம்பி வலை தடுக்கும். நுண்ணிய தூள் தப்பிவிடும். துகள் சிறியதானால் காற்று சொன்னபடிதான் கேட்கும். ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். துகளின் குறுக்களவு பாதியானால், அது விழும் வேகம் கால் பங்காகிவிடும். தண்ணீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் துகள் வினாடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும், 2.5 மைக்ரான் துகள் 0.2 மில்லிமீட்டர்தான். அசையாத காற்றில்கூட ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நுரையீரலின் ஆழம் வரை செல்வதும் இதுவே.

தானாக விழாத இந்தத் துகளை அப்புறப்படுத்தக் காற்றோட்டம் வேண்டும். பகலில் தரை சூடாகி, காற்று மேலெழுந்து, தூசியை உயரே கொண்டுபோய்க் கலக்கிறது. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே உள்ள வெப்பக் காற்றுக்கு அடியில் தங்கிவிடுகிறது. பானைக்கு மூடி போட்டது போலத்தான்!

இதைக் கணக்கிட எளிய வழி, நகரத்தை ஒரு பெட்டியாகப் பாவிப்பது. மூடியின் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். புகை அதே அளவு இருந்து, மூடி 1,500 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்கு இறங்கினால், தூசியின் செறிவு ஐந்து மடங்காகும். இந்தப் பெருக்கல் தொகை 6,000-க்குக் கீழே போய், காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்தால், மாசு கலைய வழியில்லை என்கிறது வானிலைத் துறை. 2018 முதல் டில்லிக்கு வெளியிடப்படும் காற்றுத்தர முன்னறிவிப்பில் இதுவும் ஓர் அங்கம்.

நமக்கு இதில் என்ன பாடம்? குளிர்காலத்தில் விடியற்கால நடைப்பயிற்சி நல்லதல்ல. அப்போது மூடி மிகத் தாழ்ந்திருக்கும். நல்ல வெயில் ஏறிய பிறகு நடக்கலாம். அன்றைய காற்றுத்தரம் மிக மோசம் என்றால் அதுவும் வேண்டாம். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.