வங்கிக் கட்டணம்: நியாயமா என்று கேட்கலாமா?

முருங்கைக்காயும் வாழைப்பூவும் தேடி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகாத தில்லித் தமிழர் இருக்க மாட்டார்கள். அதே வட்டாரத்தில், ஜி.பி.ஓ. வளாகத்தில், உபபோக்தா நியாய பவன் என்றொரு கட்டடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் அங்கேதான் இயங்குகிறது. முன்பு ஜன்பத்தில் இருந்தது. இந்த ஆணையம் 2008 ஜூலை 7 அன்று வழங்கிய தீர்ப்பு ஒன்று, கிரெடிட் கார்டு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவது. அது பிறகு என்ன ஆயிற்று என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிதான்.

வழக்குத் தொடுத்தது 'ஆவாஸ்' என்ற அமைப்பு. எதிர்த்தரப்பில் ரிசர்வ் வங்கியோடு ஹெச்.எஸ்.பி.சி., சிட்டி பேங்க், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆகிய வெளிநாட்டு வங்கிகள். அன்றைக்குக் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி வாங்கப்பட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 10 முதல் 18 சதவீதம் வரை வாங்கும் தொழிலில் இங்கே மட்டும் ஏன் இந்தக் கொள்ளை என்பதுதான் கேள்வி. ஆணையம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை. தவணை தவறியதற்கான அபராத வட்டியை ஒரு தவறுக்கு ஒரு முறைதான் போடலாம், அதை அசலோடு சேர்க்கக் கூடாது. மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றி வட்டிக்கு வட்டி போடுவதும் முறையற்றதே.

இந்த மூன்றாவது விஷயம் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். 'மாதம் மூன்றரை பர்சென்ட்தானே' என்று பலரும் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு அது 42 சதவீதம். மாதாமாதம் அசலில் ஏறினால் 51 சதவீதத்தைத் தாண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கி என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. 'மினிமம் டியூ கட்டிவிட்டேன்' என்று நிம்மதியாக 2,500 ரூபாய் கட்டுகிறவருக்கு அசலில் கழிவது வெறும் 435 ரூபாய்! போதாக்குறைக்கு, பாக்கியை முழுசாகக் கட்டாதவருக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஊரில் இப்படி வாங்கினால் கந்துவட்டி, மீட்டர் வட்டி என்போம். தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 2003-இல் தனிச் சட்டமே வந்தது. வங்கிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆணையத்தின் உத்தரவுக்கு இடைக்காலத் தடையும் கிடைத்தது. வழக்கு பதினாறு ஆண்டு இழுத்து, 2024 டிசம்பர் 20 அன்று முடிந்தது. ஆணையத்தின் தீர்ப்பு ரத்து. ஒப்பந்தத்தின் ஷரத்துகளைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை, வட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ரிசர்வ் வங்கி என்றது நீதிமன்றம். வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வங்கிக் கடனை நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்கிறது 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு. அதுவே வங்கிகளுக்குக் கேடயமாயிற்று.

கார்டு வைத்திருப்பவர்கள் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் என்றும் தீர்ப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை. எம்.எஸ்சி. படித்தவர்கூடப் பொடி எழுத்தில் பத்துப் பக்கம் அச்சிட்ட விதிகளைப் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறார்? ஆனால் வட்டி விகிதத்தை நீதிமன்றம் நிர்ணயிப்பதில் சிக்கல் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனிலும் இதே கதைதான். அனுமதியில்லாத ஓவர்டிராஃப்டுக்கு வங்கிகள் வாங்கிய கட்டணத்தை எதிர்த்து அரசின் நியாய வணிக அலுவலகமே வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கமே தீர்ப்பளித்தது.

அப்படியானால் நமக்குக் கதியே இல்லையா என்கிறீர்களா? விலை அதிகம் என்று வாதாடினால் கதவு மூடியிருக்கிறது. 'நீங்கள் ரிசர்வ் வங்கியின் விதியை மீறினீர்கள்' என்று சொன்னால் கதவு திறக்கும். அந்த விதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். 2022-ஆம் ஆண்டின் கார்டு விதிகளின்படி, கட்டப்படாத கட்டணங்களையும் வரிகளையும் அசலில் சேர்த்து அவற்றுக்கு வட்டி போடக் கூடாது. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம். அதுவும் மீதி பாக்கிக்கு மட்டும். கார்டை ரத்து செய்யக் கேட்டால், பாக்கி ஏதும் இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். இல்லையேல் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும்.

தில்லியிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள் பழைய சம்பளக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். சம்பளம் வருவது நின்றால் அது சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி அபராதம் போடும். 2015 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி முதலில் அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். குறைவின் அளவுக்குத் தகுந்தபடிதான் அபராதம். அபராதத்தாலேயே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு வருஷம் நீங்கள் கணக்கைத் தொடாமல் இருந்து, அது செயலற்ற கணக்கு ஆகிவிட்டால் அபராதமே கூடாது. ஸ்டேட் பேங்க் 2020-லேயே இந்த அபராதத்தை எடுத்துவிட்டது.

விதி மீறப்பட்டால் முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். போனில் சொன்ன புகார், அதைக் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால்தான் கணக்கில் வரும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். தபாலில் அனுப்பும் புகார்கள் சண்டிகரிலுள்ள மையத்துக்குப் போகின்றன. எந்த மொழியில் எழுதினாலும் அங்கே ஏற்கிறார்கள், தமிழிலும் எழுதலாம். கடிதத்தில் 'வட்டி கொள்ளை' என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், எந்த விதிக்கு அது விரோதம் என்று எழுதி, ஸ்டேட்மெண்டின் நகலையும் வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.