கட்டுவதா, வாங்குவதா? கரடுமுரடான வழிக்கு ஒரு பிக்கப்

மருங்காபுரி, துவரங்குறிச்சி வட்டாரங்களில் தார்ச்சாலை முடியும் இடத்தில்தான் பலருடைய வேலை தொடங்குகிறது. ஏரிக்கரை, ஓடைமணல், பாறை துருத்திய வண்டிப்பாதை ஆகியவற்றைக் கடந்துதான் வைக்கோலும் உரமூட்டையும் தோட்டத்துக்குப் போகவேண்டும். மாடுகள் மணப்பாறைச் சந்தைக்கு வரவேண்டும். இத்தகைய வழிக்குப் பிக்கப் வண்டி வேண்டும் என்போர் முன் இரண்டு வழிகள் உள்ளன. சாதாரண வண்டி ஒன்றை வாங்கி, பட்டறையில் உயர்த்தி, பெரிய டயர் மாட்டிக்கொள்வது ஒன்று. தொழிற்சாலையிலேயே இதற்கென வடிவமைத்த வண்டியை வாங்குவது மற்றொன்று. முதல் வழியில் செலவு குறைவு. நம் விருப்பப்படி செய்துகொள்ளவும் முடியும். எனினும் பெளதிகம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுவிட்டு முடிவு செய்வதே நல்லது.

குதிரைத்திறனா, பல்சக்கரமா?

முரட்டுத்தரைக்கு மிகுந்த குதிரைத்திறன் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1941-இல் உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் திறன் 60 குதிரைத்திறனே. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியதும் வில்லிஸ் ஜீப் வகை வண்டிகளைத்தான். அந்த 1941 ஜீப்பின் எஞ்சின் தரும் திருப்புவிசை ஏறத்தாழ 142 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் இது 2.67 மடங்காகிறது, நான்கு சக்கர இயக்கத்துக்கான தாழ்கியர்ப் பெட்டியில் 1.97 மடங்காகிறது, அச்சிலுள்ள பல்சக்கரங்களில் 4.88 மடங்காகிறது. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 26 மடங்கு. சக்கரத்தின் ஆரம் 36 செ.மீ. எனக் கொண்டு வகுத்தால், உராய்வு இழப்புகளைக் கழிக்காமல், தரையைத் தள்ளும் விசை சுமார் 10,000 நியூட்டன். வண்டியின் எடையே ஏறத்தாழ 11,000 நியூட்டன்தான்! தன் எடைக்கு ஏறக்குறையச் சமமான விசையால் தள்ளக்கூடிய வண்டிக்கு மேட்டில் ஏறுவது கடினமன்று. தரையில் டயர் வழுக்காமல் பிடித்தால் போதும்.

பெரிய டயர் செய்யும் வேலை

இனி மாற்றங்களுக்கு வருவோம். வண்டியின் டயர் விட்டம் 70 செ.மீ. என்றும், அதைக் கழற்றி 77 செ.மீ. டயர் மாட்டுவதாகவும் கொள்வோம். அச்சு 3.5 செ.மீ. உயரும், கல்லில் இடிபடாமல் தப்பலாம். இது உண்மையான நன்மையே.

ஆனால் விசை என்பது திருப்புவிசையை ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினால் தள்ளும் விசை 100-லிருந்து 91-ஆகக் குறையும். மேட்டில் ஏறுவதற்காகச் செய்த மாற்றம், மேட்டில் ஏறும் வலிமையையே சற்றுக் குறைத்துவிடுகிறது. வேகமானி 60 கி.மீ. காட்டும்போது வண்டி 66 கி.மீ. வேகத்தில் ஓடும். முன்போலவே வண்டியை நிறுத்த வேண்டுமானால் பிரேக் பத்தில் ஒரு பங்கு கூடுதலான திருப்புவிசை தரவேண்டும். பிரேக்கோ பழைய பிரேக்தான். இவை ஒவ்வொன்றும் சிறியதாகத் தோன்றலாம். இறக்கத்தில், சுமையோடு, எல்லாம் ஒன்றுசேரும்போதுதான் அவற்றின் பெருக்கம் தெரியும்.

உயர்த்தினால் உயர்வது எது?

அடுத்தது, சுருள்வில்லை மாற்றியோ கட்டை வைத்தோ வண்டியை உயர்த்துவது. 6.5 செ.மீ. உயர்த்தினோம் என்று வைத்துக்கொள்வோம். உயர்ந்தது வண்டியின் உடல் மட்டுமே. பின்சக்கரங்களை இணைக்கும் கெட்டி அச்சும், அதன் நடுவிலே பட்டறைக்காரர்கள் ‘கிரவுன்’ என்று சொல்லும் பல்சக்கரக் கூண்டும் பழைய உயரத்திலேயே இருக்கும். ஏனெனில் அவை வில்லுக்குக் கீழே இருப்பவை. அவற்றை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. பார்வைக்கு வானளாவ நிற்கும் வண்டி, நடுக்கல்லில் கிரவுன் மாட்டி நிற்பதன் காரணம் இதுதான்.

வில்லும் டயரும் சேர்ந்து உடலை 10 செ.மீ. உயர்த்த, வண்டியின் ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்திலிருந்து ஏறத்தாழ 79 செ.மீ.க்குப் போகிறது எனக் கொள்வோம். இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் 150 செ.மீ. அகலத்தில் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், வண்டி கவிழாமல் நிற்கும் தன்மையின் அளவு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வண்டிகளைத் தரம் பிரிக்கும்போது இவ்வெண்ணையும் கணக்கில் கொள்கிறது. நம் வண்டிக்கு அது 1.07-லிருந்து 0.95-ஆகக் குறைகிறது. சரிவில் பக்கவாட்டாக நிற்கும்போது 47 பாகையில் கவிழவேண்டிய வண்டி இப்போது 43½ பாகையிலேயே கவிழும்.

வளைவில் என்ன நடக்கும்? உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வெண் ஏறத்தாழ 0.8. நிலைப்பு எண் இதைவிடப் பெரிதாக இருந்தால் வண்டி கவிழுமுன் சறுக்கும். சிறிதாக இருந்தால் சறுக்குமுன் கவிழும். 0.95 பெரிதுதானே என்று ஆறுதல் கொள்ளவேண்டா. திருப்பத்தில் வில்கள் ஒருபுறம் அமுங்கி வண்டி சாயும். பின்னால் மாடுகள் நின்றுகொண்டிருந்தால் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகும். நிலைப்பு எண் 0.8-ஐத் தாண்டிக் கீழே இறங்க அதிக நேரமாகாது.

வில்லும் தணிப்பானும்

வெறும் பிக்கப்பில் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்கு அது எப்படித் தூக்கிப்போடும் என்பது தெரியும். சுமை ஏற்றியதும் அதே வண்டி மெத்தென்று ஓடும். வில்லின் விறைப்பை நிறையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால், அதிர்வெண் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு பின்சக்கரத்தின் வில் விறைப்பு மீட்டருக்கு 40,000 நியூட்டன் என்க. அதன்மேல் 250 கி.கி. இருந்தால் நொடிக்கு 2 அதிர்வுகள், 750 கி.கி. இருந்தால் ஏறத்தாழ 1.2 அதிர்வுகள். விறைப்பான வில்லை மாட்டி உயர்த்திய வண்டி வெறுமையாக ஓடும்போது இன்னும் வேகமாகக் குதிக்கும். குதிக்கும் கணத்தில் டயர் தரையைப் பிடிப்பதில்லை.

இக்குதிப்பை அடக்குவது அதிர்வுத் தணிப்பான். பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் என்பது இதுவே. சிறு துளைகளின் வழியே எண்ணெயைப் பாய்ச்சி, அதிர்வின் ஆற்றலை இது வெப்பமாக்குகிறது. மேற்சொன்ன வில் 5 செ.மீ. அமுங்கினால் அதில் சேரும் ஆற்றல் 50 ஜூல். மேடுபள்ளம் தொடர்ந்து வந்தால் அவ்வளவும் எண்ணெயைச் சூடாக்கும். சூடான எண்ணெய் இளகும், நுரைக்கும். தணிப்பான் தன் வேலையை மறந்துவிடும். புது வில்லுக்குப் பழைய தணிப்பானைப் பொருத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

தொழிற்சாலை செய்வது என்ன?

ஃபோர்டு நிறுவனம் 2009-இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய எஃப்-150 ராப்டர் என்னும் பிக்கப்பைப் பாருங்கள். அதை உயர்த்தியதோடு நிற்கவில்லை. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் கூட்டினார்கள். நிலைப்பு எண்ணின் பகுதி கூடும்போது தொகுதியும் கூடவேண்டும் என்ற எளிய கணக்கே இது. சக்கரம் எவ்வளவு மேலே தள்ளப்படுகிறதோ அவ்வளவு கடினமாக எதிர்க்கும் தணிப்பான்களையும் பொருத்தினார்கள். 2018-இல் வெளிவந்த ரேஞ்சர் ராப்டரில், லாரிகளில் அடுக்கடுக்காகத் தெரியும் பட்டைவில்லுக்குப் பதில் பின்புறத்தில் சுருள்வில் வைத்தார்கள். சவாரி மென்மையானது. ஆனால் ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும் இனத்தைச் சேர்ந்த அந்த வண்டியின் சுமைத்திறன் முக்கால் டன்னாகக் குறைந்தது. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்ற விதிக்குத் தொழிற்சாலையும் விலக்கன்று. எதைக் கொடுத்தோம் என்பதை அளந்து, சோதித்து, எழுதித் தருகிறது என்பதே வேறுபாடு.

நம் நாட்டில் சட்டமும் இதைத்தான் வற்புறுத்துகிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அப்படியானால் நம் ஊர் விவசாயி என்ன செய்யலாம்? முரட்டுத்தரைக்கென வந்த விலையுயர்ந்த வண்டி அவருக்குத் தேவையில்லை. அவர் தோட்டம் பாலைவனப் பந்தயத்திடல் அன்று. நான்கு சக்கர இயக்கமும் தாழ்கியரும் உள்ள சாதாரண வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே நல்ல பிடிப்புள்ள டயர் போடலாம். மணலில் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் அகலப் படிந்து அழுத்தம் குறையும், வண்டி புதையாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்பிவிடவேண்டும். கனமான மூட்டைகளை அடியிலும் இலேசானவற்றை மேலேயும் வைக்கலாம். இவற்றுக்குப் பட்டறைச் செலவு இல்லை. ஈர்ப்பு மையமும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்குப் பிறகும் வண்டியை உயர்த்தத்தான் வேண்டும் என்பவர், ஒரு முழக்கோலை எடுத்து அகலத்தையும் உயரத்தையும் முதலில் அளந்து பார்க்கட்டும். அந்த வண்டியின் பின்னால் சந்தைக்கும் வயலுக்கும் ஏறிச் செல்வோர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ஏறுவதில்லை. அவர்களுக்காகவும் போடவேண்டிய கணக்கு அது.