பெயர் எழுதாத படங்கள்

கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயம் அருங்காட்சியகமாக இருக்கின்றது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் அமைத்த, தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அது. பதுளையிலிருந்து எமது மாதர் சங்கத்தினர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். பழைய புகைப்படங்களைப் பார்த்தபடி நின்ற ஓர் அக்கா, "இவங்க பேரு என்ன மிஸ்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் படங்களில் பல விற்பனைக்காக எடுக்கப்பட்டவை. 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் அவற்றைத் தபாலட்டைகளாக அச்சிட்டன. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் என்ற அளவில் விபரம் முடிந்துவிடும். துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன.

ஆனால், பெயர் தெரிந்த படங்களும் உண்டு சகோதரிகளே. அவை நம் லயங்களில், தகரப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன.

ஊர் திரும்பிய பின் ஒரு தோட்டத்தில் எழுபது தாண்டிய அம்மாயி ஒருவரைச் சந்தித்தேன். சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்தார். அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போகுமுன் பதுளை ஸ்டூடியோவில் எடுத்ததாம். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அக்காவுக்கு அங்கே, தங்கைக்கு இங்கே. அந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே நம்மவர்கள் சொன்னார்கள்.

படத்தின் ஓரம் கறையான் அரித்திருந்தது. அடுப்புப் புகையும் கூரை ஒழுக்கும் சேர்ந்தால் இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்குமோ! லெமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஈரம் படாத காகித உறையில் வையுங்கள். பின்புறம் பேனாவால் அல்ல, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியிலும் ஒரு பிரதி எடுங்கள்.

அன்று அம்மாயி சொல்லச் சொல்ல ஏழு பெயர்கள் எழுதினேன். மடியிலிருந்த கைக்குழந்தையில் நின்றுவிட்டார்.

"அதுக்கு இங்க பேரு வைக்கல புள்ள. அங்க போய்த்தான் வச்சாங்க. கடுதாசியில எழுதியிருந்தாங்க, இரு, தேடிப் பார்க்கிறேன்" என்று மீண்டும் பெட்டியைத் திறந்தார்.