பழைய டர்போ கார்: பணத்தை முதலில் எதில் போடுவது?

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது, அதுவும் கனத்த வரியோடு. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கு ஏறிய மதிப்பை வாசகர்கள் அறிவார்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எமது ஊர்களிலும் வாலிபர் சிலரின் கண் 1990களின் ஜப்பான் டர்போ கார்களில் விழுந்திருக்கிறது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்பிரேசா, டொயோட்டா ஸ்டார்லட் என்று தேடுகிறார்கள். கடை வருமானத்தில் ஒரு பங்கு இதில் போவதால், இதையும் வியாபாரக் கணக்காகவே பார்ப்போம்.

டர்போவின் வேலை எளிது. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. வீணாகும் சக்தியை மறுபடி வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். கேட்பதற்கு முதலில்லாத இலாபம் போல இருக்கும். ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றக்கூடியது. பெற்றோல் எஞ்சினில் அதைச் சுழற்றும் புகையின் வெப்பம் 900 பாகை செல்சியஸ் வரை போகும். தண்டைக் காப்பாற்றுவது மெல்லிய ஒயில் படலம்தான்.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் வந்தது. டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அதுவும் ஒன்று. எஞ்சின் 'நொக்' அடிக்காமலிருக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தாங்கியில் நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. கடைசியில் கம்பனியே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பராமரிப்பு இல்லாத இடத்தில் வலு நிலைக்காது என்பதற்கு இது போதும்.

அண்மையில் ஒரு இளம் புடவைக்கடைக்காரர், "காக்கா, பூஸ்டக் கொஞ்சம் கூட்டினாப் போதும்தானே?" என்று கேட்டார். "கொம்பிரஷன் பாத்தாச்சா தம்பி?" என்றேன். பார்க்கவில்லை. பார்த்தபோது நாலு சிலிண்டரில் ஒன்று தாழ்ந்து நின்றது. அதில் சிறிது ஒயில் விட்டுத் திரும்ப அளந்தார்கள், அளவு உயர்ந்தது. அப்படி உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். உயராவிட்டால் வால்வையோ ஹெட் கஸ்கட்டையோ சந்தேகிக்க வேண்டும். அந்த எஞ்சினில் பூஸ்டைக் கூட்டியிருந்தால் பிஸ்டனே போயிருக்கும். பூஸ்டுக்கு ஒதுக்கிய பணம் ரிங்குக்குப் போனது.

ஆகவே முதல் செலவு எஞ்சினின் ஆரோக்கியத்துக்கு. ஒயில், ரேடியேட்டர், காய்ந்து வெடித்த ஹோஸ்கள், டைமிங் பெல்ட் ஆகியவை முந்த வேண்டும். எவலூஷனின் 4ஜி63 எஞ்சினில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளைந்துவிடும். முந்திய சொந்தக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல் புதிதாகப் போடுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழ்பவர்கள் நாம். உப்புக்காற்று அடித்தட்டையும் பிரேக் குழாய்களையும் தின்றிருக்கும். காரைத் தூக்கி அடியில் பாருங்கள்.

இரண்டாவது செலவு பிரேக், டயர், கிளட்ச். நிறுத்த முடியாத வேகம் திருப்ப முடியாத கடனைப் போன்றது.

மூன்றாவதுதான் வலு. இங்கே பெற்றோலைக் கவனிக்க வேண்டும். இந்தக் கார்கள் ஜப்பானில் 100 ஒக்டேனை ஒட்டிய பெற்றோலுக்கு அமைக்கப்பட்டவை. எமது நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது 92உம் 95உம். ஒக்டேன் குறைந்தால் பெற்றோல் தருணத்துக்கு முந்தித் தானாக வெடித்து பிஸ்டனை உடைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உள்ளே போகும் காற்றும் சுடுவதால் ஆபத்து இன்னும் கூடும். எனவே 95க்குக் கீழே இறங்காதீர்கள். நல்ல இன்டர்கூலர், தேவைக்கேற்ற பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் போட்டு, எஞ்சின் கொம்பியூட்டரை இங்குள்ள பெற்றோலுக்கும் வெயிலுக்கும் அளந்து சரிசெய்த பிறகே பூஸ்டைத் தொட வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த டர்போ வாங்குவோர் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். தகடுகள் சுவரில் உரசினால் விலை எவ்வளவு மலிவாயினும் வைத்துவிட்டு வாருங்கள்.

சட்டமும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் மாற்ற வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கு மறைத்த மாற்றம், நட்டஈடு கேட்கும் நாளில் எமக்கே எதிராக நிற்கும். காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை. கல்லடிப் பாலம் பந்தயத் திடலல்ல. பந்தயத் திடலில்கூட 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியின்போது ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தனர்.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் உங்களுக்கு நல்ல தொழில் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் பூஸ்டை உடனே ஏற்றிக் கொடுத்தால் ஒருநாள் கூலி கிடைக்கும். கொம்பிரஷன் அளவைக் கடதாசியில் எழிதிக் கொடுத்து, 'முதலில் இது, பிறகு அது' என்று சொல்பவரிடம் அதே கார் வருடக்கணக்கில் திரும்பி வரும். திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போகிறவர் அமானிதத்தைத் தந்துவிட்டுப் போகிறார்.

கார் வைத்திருப்போருக்கு எனது கணக்கு இது: கையிலுள்ள தொகையில் பாதி ஆரோக்கியத்துக்கு, கால்வாசி பிரேக்குக்கும் டயருக்கும், மிச்சம் வலுவுக்கு. வேகமாக ஓடி வந்தால் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் ஒயில் டர்போவுக்குள்ளேயே கருகிவிடும். ஒவ்வொரு பில்லையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை விற்க நேர்ந்தால், விவரம் தெரிந்து வாங்க வருபவர் சத்தத்தைக் கேட்டு விலை சொல்லமாட்டார், அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.