பாவமன்னிப்பின் துறவி



பதுவை என்றதும் புனித அந்தோணியார்தான் நினைவுக்கு வருவார். அதே இத்தாலிய நகரில் வாழ்ந்த இன்னொரு புனிதர், கப்புச்சின் சபைத் துறவி லியோபோல்டு மாண்டிச்.

1866-ல், இன்றைய மாண்டினீக்ரோவின் ஹெர்செக் நோவியில் பிறந்தார். நாலரை அடிகூட உயரமில்லை, பேச்சும் திக்கும். அதனால் பிரசங்க மேடை அவருக்கு எட்டவில்லை. கிழக்கே போய், பிரிந்துகிடந்த திருச்சபைகளை ஒன்றுசேர்க்கப் பாடுபட வேண்டும் என்ற வாழ்நாள் ஆசையும் கைகூடவில்லை.

கிடைத்தது பதுவையின் கப்புச்சின் மடத்தில் ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் அதிகமாக! வந்தவர் யாரையும் கடிந்து அனுப்பவில்லை. அவர்களுக்கு எளிய பரிகாரம் சொல்லிவிட்டு, மீதித் தவத்தை இரவில் தாமே செய்தார். எவ்வளவு பெரிய மனம்!

1942 ஜூலை 30-ல் காலமானார். 1944-ல் போர் விமானங்கள் குண்டு வீசியதில் ஆலயமும் மடத்தின் பகுதிகளும் இடிந்தன. அந்த அறை தப்பியது. பதுவைக்குப் போகிறவர்கள் அதை இன்றும் பார்க்கலாம்.

1983 அக்டோபர் 16-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.