மெர்ஸேனின் வாக்கும் கோலின் பெருக்கலும்

பெரியோர் வாக்கைப் பரீட்சியாமல் ஏற்பது பணிவா, சோம்பலா என்னும் கேள்விக்கு ஓர் எண்ணின் சரித்திரம் நல்ல விடை தருகின்றது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பின் நான்கு என்று இரட்டித்துக் கேட்டவனின் கதையை வாசகர்கள் அறிவார்கள். 64 கட்டங்களோடு மேலும் மூன்று கட்டங்களைக் கூட்டினால், நெல்மணிகளின் மொத்தத் தொகை 147,573,952,589,676,412,927 ஆகும். அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் இதுவே வரும்.

1644-ம் வருஷத்தில் மெர்ஸேன் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்விதம் இரட்டித்து ஒன்று கழித்துப் பெறும் எண்களில் பகா எண்கள் எவையென்று ஒரு ஜாபிதா வெளியிட்டார். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதமின்றி வகுபடாததே பகா எண். 257 கட்டங்கள் வரையில் 11 எண்கள் அவ்வாறானவை என்றார்; நமது எண்ணும் அவற்றுள் ஒன்று. ருஜு ஒன்றும் காட்டவில்லை.

இது வீண் வியவகாரமன்று. மூன்று கட்டங்களின் தொகை 7. அது பகா எண். அதை மூன்றாங் கட்டத்து 4-ஆல் பெருக்கினால் 28. இருபத்தெட்டை வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினாலும் 28. இத்தகைய நிறைவெண்கள் பிறக்கும் வழியை யூக்ளிட் பண்டைக் காலத்திலேயே நிரூபித்துவிட்டார். மெர்ஸேன் சொன்னது மெய்யானால் 67 கட்டங்களும் ஒரு நிறைவெண்ணைத் தந்திருக்க வேண்டும்.

1876-ல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித நிபுணர் இவ்வெண் பகா எண்ணன்று என்று காட்டினார். ஆனால் எவ்வெண்களால் வகுபடும் என்று அவரால் சொல்லக்கூடவில்லை. நியாயஸ்தலப் பழக்கமுடைய நமக்கு இது விசித்திரமாகவே தோன்றுகிறது: குற்றம் ருஜுவாகிவிட்டது, குற்றவாளிகளின் பெயர் மட்டும் தெரியவில்லை! எனினும் கணிதத்தில் இத்தீர்ப்பு முற்றும் செல்லும்.

பெயர்களைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான பிராங்க் நெல்ஸன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணித சபையில் அவர் வாய் திறவாமல் கரும்பலகையில் இரண்டை அறுபத்தேழு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தாரென்றும், பிறகு 193,707,721 என்பதை 761,838,257,287 என்பதால் பெருக்கி, இரு விடைகளும் ஒன்றாயிருக்கக் காட்டி அமர்ந்தாரென்றும், சபையோர் கரகோஷம் செய்தனரென்றும் சொல்லுவர். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயினவாம். கதையில் சிறிது மெருகு ஏறியிருக்கலாம். பெருக்கலை எவரும் சரிபார்த்துக் கொள்ளலாம். இவ்வெண்ணை வகுக்கும் எதையும் 134-ஆல் வகுத்தால் மீதம் ஒன்றே வரவேண்டுமென்பது விதி. இவ்விரண்டும் அவ்விதிக்கு அடங்குகின்றன. இரண்டும் பகா எண்களாதலால் இவற்றை மேலும் பிரிக்க இயலாது.

மெர்ஸேனின் ஜாபிதா முழுவதும் 1947-க்குள் பரிசோதிக்கப்பட்டுவிட்டது. 67, 257 இரண்டையும் அவர் தவறாகச் சேர்த்திருந்தார். 61, 89, 107 மூன்றையும் விட்டிருந்தார். ஆயினும் இவ்வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 2024-ல் கணிப்பொறிகளின் துணையால் கண்டறியப்பட்ட, 4,10,24,320 இலக்கங்களுள்ள பகா எண்ணுக்கும் மெர்ஸேன் எண் என்றே பெயர்.