லினக்ஸ் கணினியிற் பொதி நிறுவலும் அதன் தடைகளும்

மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவுதல் என்பது ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தலோடு முடிந்துவிடுவதன்று. அம்மென்பொருள் வேறு பல நிரல்களின் துணைகொண்டே இயங்குவது. அத்துணைகளும் தத்தமக்கெனத் துணைகளை வேண்டுவன. இத்தொடர்பையெல்லாம் கணக்கிட்டு, வேண்டியவற்றை வேண்டிய ஒழுங்கிற் கொண்டுவந்து சேர்க்கும் கருவியை லினக்ஸ் முறைமையிற் பொதி மேலாளர் என்பர். அது சிலவேளைகளில் நிறுவ மறுக்கும். மறுக்குமிடத்துக் காரணத்தையும் எழுதிக்காட்டும். அக்காரணத்தை வாசியாது, திரையிற் கண்ட கடைசி வரியை மட்டும் பற்றிக்கொண்டு, எங்கோ கண்ட கட்டளைகளையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கொடுத்துப் பார்ப்போர் பலர். சிறு தடையாய்த் தொடங்கியது முறைமை முழுவதையும் பழுதாக்குவது பெரும்பாலும் இவ்வழியாலேயாம்.

நகரத்தவர்க்கு இஃதொரு சிறு தொல்லை. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கடலோரமாயமைந்த கோமாரி போன்ற கிராமத்திலோ, பழுதுற்ற கணினியைத் துணியிற் சுற்றி பஸ்ஸிலேற்றி அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ கொண்டுபோக நேரிடும். அதற்குட் பாடவேளைகள் பல கழிந்துவிடும். லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. பழைய கணினியிலும் ஓடுவது. ஆதலின் இத்தகைய ஊர்களுக்கே அது மிகவும் உரியது. ஆனால், தடையின் காரணத்தை அறியும் ஆற்றலும் உடன் வாராவிடின் அவ்விலையின்மையாற் பெரும் பயனில்லை.

டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை 1993 ஆம் ஆண்டிலே இயன் மர்டொக் தொடங்கினார். அதன் பொதிகளைப் பிரித்து வைக்கும் டிபிகேஜி என்னும் நிரல் 1994 இலும், அதற்கு மேலமர்ந்து பணிபுரியும் ஆப்ட் என்னும் நிரல் 1998 இலும் தோன்றின. 2004 இல் வெளிவந்த உபுண்டு டெபியனை அடியொற்றியதாதலின் அங்கும் இவ்விரண்டுமே உள. ரெட்ஹாட் மரபிலே ஆர்பிஎம், டிஎன்எஃப் என்பன இவற்றிற்கு நிகரானவை. பெயர்கள் வேறாயினும் தொழிற்பிரிவு ஒன்றே. டிபிகேஜி சமையற்காரனைப் போன்றது. கையிற் கொடுத்த பொருளைக்கொண்டு சமைக்குமேயன்றிக் கடைக்குப் போகாது. ஆப்ட் சந்தைக்குப் போய்வருபவனைப் போன்றது. எக்களஞ்சியத்தில் எப்பொருள் உளது, எதற்கு எது வேண்டும் என்பதை அறியும். பிழைச்செய்தி வருமிடத்து, பேசுவது சமையற்காரனா சந்தைக்குச் சென்றவனா என்று தெரிந்துகொண்டால் ஆராய்ச்சியிற் பாதி முடிந்ததாகும்.

சார்பு என்பதன் பொருளை விளக்க இந்நாட்டிலேயே தக்க சான்று ஒன்றுண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. கோமாரியும் அவ்வழிவைக் கண்ட கரையோர ஊர்களுள் ஒன்று. அவ்வேளை இலங்கையின் மென்பொருட்டுறைத் தொண்டர்கள் சிலநாட்களுள் ஒன்றுகூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்தற்கென ‘சகன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதனைப் பேணியது. 2005 இற் பாகிஸ்தானிய நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டிற்குரிய சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

‘சகன’ தனித்து இயங்கியதன்று. பக்கங்களை வழங்க அப்பாச்சி என்னும் வழங்கி வேண்டும். நிரலை நடத்தப் பிஎச்பி மொழி வேண்டும். பதிவுகளை வைக்க மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வேண்டும். இவற்றை இணைக்கும் சிறு பொதிகளும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் முகாமில் வைத்த கணினி வெறும் பெட்டியே. காலம் செல்ல இன்னோர் இடர் தோன்றுகிறது. 2015 இல் வெளியான பிஎச்பி 7 பழைய மைஎஸ்கியூஎல் இணைப்பு முறையைக் கைவிட்டது. 2017 இல் வெளியான டெபியன் 9 மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலாக மரியாடிபியை ஏற்றது. ஆகவே 2005 ஆம் ஆண்டு எழுதிய நிறுவற் குறிப்பை அப்படியே இன்று பின்பற்றுவோர்க்கு ‘இப்பொதி காணப்படவில்லை’ என்றோ ‘நிறுவத்தக்க பதிப்பு இல்லை’ என்றோ விடை வரும். கணினியிலும் இணையத்திலும் யாதொரு குற்றமுமில்லை. பொதியின் பெயர்தான் மாறியது. குறிப்பு எழுதப்பட்ட ஆண்டைப் பார்த்தல் ஆராய்ச்சியின் முதற்படிகளுள் ஒன்றாதல் இதனாற் புலப்படும்.

இனி, இவ்வூர்களிற் பெரிதும் நேரத்தக்க தடையைக் கருதுவோம். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையிலே ஒருநாளில் 13 மணித்தியாலம் வரையும் மின்வெட்டு நேர்ந்த காலம் உண்டு. அத்துணை நீண்ட வெட்டு இன்றில்லையாயினும், பொதியொன்று பாதி நிறுவப்பட்ட நிலையில் மின்சாரம் நிற்க ஒரு கணம் போதும். டிபிகேஜி ஒவ்வொரு பொதியையும் முதலிற் பிரித்து வைத்து, பின்னர் அதனை அமைவுசெய்யும். எப்படிநிலை முடிந்தது என்பதை உடனுக்குடன் ‘ஸ்டேட்டஸ்’ என்னும் ஏட்டிற் பதியும். இடையில் நின்றுபோனால், மறுமுறை ஆப்ட் எப்பொதியையும் தொட மறுத்து, டிபிகேஜி இடைநிறுத்தப்பட்டதென்றும் இன்ன கட்டளையைக் கொடுக்கவேண்டுமென்றும் சொல்லும். டிபிகேஜியோடு ‘கன்ஃபிகர்’ என்பதையும் எல்லாம் எனப் பொருள்படும் ‘ஏ’ என்னும் எழுத்தையும் சேர்த்துக் கொடுப்பதே அக்கட்டளை. நோயும் மருந்தும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்க, முறைமையை அழித்துப் புதிதாய் நிறுவப் புகுவோர் உளர்! அதன் பின்னரும் குறையிருப்பின், ஆப்ட்டுக்கு ‘ஃபிக்ஸ் ப்ரோக்கன்’ என்னும் விருப்பத்தைக் கொடுத்தால் விடுபட்ட சார்புகளைத் தேடி நிரப்பும். ‘ஆடிட்’ என்னும் விருப்பம் எவ்வெப்பொதிகள் குறையாய் நிற்கின்றன எனப் பட்டியலிடும்.

மின்வெட்டினால் அந்த ஏடே சிதைதலும் உண்டு. அப்போதும் அஞ்சவேண்டுவதில்லை. டிபிகேஜி தன் ஏட்டின் முந்திய படியை ‘ஸ்டேட்டஸ்-ஓல்ட்’ என்ற பெயரால் அருகிலேயே வைத்திருக்கும். அன்றியும் ‘வார்’ என்னும் அடைவினுள் ‘பேக்கப்ஸ்’ என்பதில் முன்னைய நாட்களின் படிகள் உள. அவற்றுள் நல்லதொன்றை உரிய இடத்திற் படியெடுத்து வைத்தால் முறைமை மீண்டும் தன் பொதிகளை அடையாளங்காணும்.

இதனோடு மயங்கத்தக்க பிறிதொரு செய்தி, பூட்டுக் கிடைக்கவில்லை என்பது. இது பழுதன்று. இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஏட்டில் எழுதாவண்ணம் முதலில் வந்த நிரல் பூட்டிட்டிருக்கின்றது. கணினியைத் தொடக்கியவுடன் பின்னணியில் ஓடும் தானியங்கி மேம்படுத்தலே பெரும்பாலும் அந்நிரலாகும். இக்கால ஆப்ட் பூட்டை வைத்திருப்பதன் பெயரையும் எண்ணையும் காட்டவுஞ்செய்யும். மெதுவான இணைப்பில் அது முடிய அரைமணி செல்லலாம். காத்திருத்தலே மருந்து. பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி கூறும் அறிவுரை பரவலாய் வழங்குகின்றது. மற்ற நிரல் எழுதிக்கொண்டிருக்கையில் அவ்வாறு செய்தல், இல்லாத பழுதை உண்டாக்குவதாகும்.

களஞ்சியத்தை அடைவதில் நேரும் தடைகள் வேறு. ஆப்ட் தன் செய்திகளை எச்சரிக்கை எனவும் பிழை எனவும் பிரித்து, ஆங்கில எழுத்துகளாகிய டபிள்யூ, ஈ என்பவற்றை வரியின் தலையில் இடும். முதலில் தோன்றிய பிழைவரியே மூலகாரணத்திற்கு அண்மையானது. பின்வருவன அதன் விளைவுகள். பெயரைக் காணமுடியவில்லை எனின் இணைப்பில்லை. 404 எனின் இணைப்பு உளது, கோப்பு அங்கில்லை. ஆப்ட்டுக்கு ‘அப்டேட்’ கொடுத்துப் பட்டியலைப் புதுப்பித்தல் வேண்டும். அதன் பின்னும் 404 வருமாயின், அவ்வெளியீட்டின் ஆயுள் முடிந்ததோ எனப் பார்க்க. உபுண்டுவின் இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாதமே ஆதரவு. பின்னர் அவற்றின் பொதிகள் பழைய வெளியீடுகளுக்கான வேறோர் இடத்துக்கு மாற்றப்படும். மூன்றாண்டுக்கு முன் யாரோ நிறுவித் தந்த கணினியில் எதையும் நிறுவமுடியாதிருத்தற்கு இதுவே காரணமாதல் கூடும்.

களஞ்சியத்தின் கையொப்பம் பற்றிய பிழைகளுள் ஒன்று விந்தையானது. ‘வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ எனத் திரை கூறும். நாளை எழுதப்படப்போகும் கடிதம் இன்றே வந்து சேர்ந்தாற்போலக் கணினி திகைக்கின்றது. உண்மையிற் பிழை களஞ்சியத்திலன்று, கணினியின் மணிக்கூட்டில். தாய்ப்பலகையில் நாணயவடிவான மூன்று வோல்ற்று மின்கலம் ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது அதுவே. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோக, கணினி ஒவ்வொருமுறை தொடங்கும்போதும் பல்லாண்டு பின்னோக்கிச் செல்லும். இணைப்புக் கிடைத்தால் நேரம் தானே திருந்துவதுண்டு. அதற்குமுன் ஆப்ட்டை ஏவினால் இப்பிழை வரும். அன்பளிப்பாய் வந்த பழைய கணினிகளில் இதனை முதலில் ஐயுறல் தகும். திகதியைத் திருத்திவிட்டு அம்மின்கலத்தை மாற்றினால் தீர்ந்தது. சிலர் இதனையறியாது கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடுவர். அது, சாவி சரியாய்த் திரும்பவில்லையென்று வீட்டுக்கதவைக் கழற்றி வைப்பதை ஒக்கும்.

சார்புகள் பொருந்தாமையே யாவற்றினும் நுண்ணியது. உபுண்டு 22.04 இற்கென ஆக்கிய பொதியொன்றைத் தரவிறக்கி 20.04 இல் நிறுவ முயல்வதாகக் கொள்க. எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சீ நூலகம் முன்னதில் 2.35 ஆம் பதிப்பு, பின்னதில் 2.31. பொதி 2.34 அல்லது அதற்கு மேற்பட்டதை வேண்டினால் டிபிகேஜி மறுக்கும். அடித்தளமாகிய அந்நூலகத்தை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்து மாற்றினால் வீட்டின் அத்திவாரத்தையே கழற்றியவாறாம். தன் வெளியீட்டிற்குரிய பொதியைத் தேடுதல், அன்றேல் வெளியீட்டையே முழுவதும் மேம்படுத்தல் என்னும் இரண்டே நெறியான வழிகள். சார்புகளைத் தன்னுள்ளேயே சுமந்துவரும் ஸ்னாப், ஃப்ளாட்பாக் ஆகியன பிறிதொரு வழியாயினும், அவற்றின் பருமன் மெதுவான இணைப்பிற்குப் பெருஞ்சுமை.

மறுப்பை மீறுவதால் வருங்கேட்டிற்கு 2021 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று உலகறிந்த சான்று. கனடாவைச் சேர்ந்த காணொளியாளர் லைனஸ் செபாஸ்டியன், பொப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முற்பட்டார். அவ்வேளை களஞ்சியத்தில் நேர்ந்திருந்த பதிப்புப் பொருத்தமின்மையால், அதனை நிறுவவேண்டுமாயின் திரைமுகப்பிற்கு இன்றியமையாப் பொதிகள் நீக்கப்படும் என ஆப்ட் எச்சரித்தது. தொடர விரும்பினால் ‘ஆம், நான் சொல்கிறபடி செய்’ எனப் பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுமையாய்த் தட்டச்சுச் செய்யுமாறும் கேட்டது. அவர் அவ்வாறே செய்தார். திரைமுகப்பு முழுவதும் நீங்கிக் கரிய திரை எஞ்சியது. அவரை நகைத்தோர் பலராயினும், குற்றம் அவருடையது மட்டுமன்று. நீண்ட பட்டியலினிடையே எச்சரிக்கையை ஒளித்துவைத்த கருவிக்கும் அதிற் பங்குண்டு. பின்னர் ஆப்ட்டிலும் அவ்வழி இறுக்கப்பட்டது. எச்செயலுக்கும் முன்னர் ‘எஸ்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்து ஒத்திகை பார்த்தால், எவை வரும், எவை போகும் என்பதை எதையும் மாற்றாமலே காணலாம். நீக்கப்படுவனவற்றின் பட்டியலை முதலில் வாசிக்க.

பொதியின் கட்டமைப்பு முறைமையோடு பொருந்தவில்லை எனின், 64 பிற்றுக்குரியதை 32 பிற்றுக் கணினியில் இடுகின்றோம் என்பதே பொருள். 2025 ஓகத்தில் வெளியான டெபியன் 13, 32 பிற்றுக் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டதாதலால், அத்தகைய பழங்கணினிகளுக்கு டெபியன் 12 வரையே இடமுண்டு. வட்டில் இடமில்லை என்னும் பிழைக்கு, பழைய கருநிரல்கள் ‘பூட்’ அடைவை நிரப்பியிருத்தல் பொதுவான காரணம். ‘ஆட்டோரிமூவ்’ அவற்றைக் களையும்.

இணைப்பே அரிதான இடத்திற் பொதிகளைக் கையிற் கொண்டுசெல்லலாம். கல்முனையிலுள்ள கணினியொன்றிற் பொதிகளைத் தரவிறக்கி விரலியிற் படியெடுத்து வருதல் எளிதெனத் தோன்றும். ஆயின் அதில் ஒரு வழு உண்டு: நகரத்துக் கணினியில் ஏற்கெனவே உள்ள நூலகங்களை அது மீண்டும் இறக்காது, ஊருக்கு வந்தபின் அவையே குறைபடும். ஆப்ட்-ஆஃப்லைன் என்னும் கருவி இதற்கெனவே ஆக்கப்பட்டது. ஊர்க்கணினி தனக்கு வேண்டியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதித்தரும். இணைப்புள்ள கணினி அதனைப் பார்த்து இறக்கித்தரும். அது விண்டோஸ் கணினியாயிருப்பினும் இடரில்லை. சிறிதளவேனும் இணைப்புள்ள ஊரிலோ, தரவிறக்கலை இரவிற் செய்து நிறுவலைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். ‘டவுன்லோட் ஒன்லி’ என்னும் விருப்பம் பொதிகளை இறக்கி வைப்பதோடு நிற்கும்; இணைப்பு அறுந்தாற் பாதி வந்த பொதி ‘பார்ஷியல்’ என்னும் அடைவிற் கிடக்கும்; மறுநாள் அதே கட்டளையைக் கொடுக்க, விட்ட இடத்திலிருந்து தொடரும்.